தகரக் கொட்டகை மனிதர் வாழும் அறை அல்ல

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் சொந்தத்தில் ஒரு புதுமனை புகுவிழா. ஹாலில் ஏசி, இரண்டு படுக்கையறையிலும் ஏசி. கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார்கள். மதிலை ஒட்டித் தகர ஷீட்டில் ஒரு கொட்டகை. சாமான் போட என்று நினைத்தேன். "இது அம்மாவுக்கு சித்தப்பா. தொந்தரவு இல்லாம தனியா இருப்பாங்க. ஃபேன் போட்டாச்சு" என்றான் பையன். அண்ணி ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

யார் என்று எழுத மாட்டேன். படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

வெப்பக் கடத்தல், வெப்பச்சலனம், கதிர்வீச்சு என்று என்னிடம் மூன்றையும் ஒப்பித்து மார்க் வாங்கினீர்களே, வீடு கட்டும்போது எங்கே போயிற்று அந்தப் பாடம்? சித்திரை வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு கதிர்வீச்சாக நேரே தலையில் இறங்கும். ஃபேன் அதைத் தடுக்காது. மேலே தேங்கிய அனல் காற்றைக் கீழே தள்ளும், அவ்வளவுதான். நம் கடலூர்ப் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. நாம் அதைக் காசு கொடுத்துக் கொல்லையில் கட்டி வைக்கிறோம்.

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு இதே மாதிரி ஒரு கொட்டகையில்தான் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன். ஒரு மதியம் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். "காலையில் சாப்பிட்டியா?" என்று அவளையே அதட்டினேன். மறுநாள் அதே நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து பார்த்தேன். இருபது நிமிடம் தாங்கவில்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு செய்தவற்றைச் சொல்கிறேன். முதலில் கூரை மேல் வெள்ளை அடித்தேன். வெயிலில் பெரும்பங்கு அங்கேயே திரும்பிவிடும். அடுத்து காற்றுக்கு வழி: கடற்காற்று வரும் கிழக்குப் பக்கம் தாழ்வாக ஒரு திறப்பு, எதிர்ப்பக்கம் கூரைக்குச் சற்றுக் கீழே அதைவிடப் பெரிதாக ஒன்று. சூடான காற்று மேலே ஏறும், வெளியேற வழி வேண்டாமா? கொசுவலை அடித்தால் காற்று குறையும், எனவே திறப்பை இன்னும் பெரிதாக விடுங்கள். மூன்றாவதாகத்தான் ஷீட்டுக்கு அடியில் அலுமினியத் தாள். அதை ஷீட்டோடு ஒட்டக்கூடாது. ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஒட்டினால் சூடு கடத்தலாகத் தாளுக்கு இறங்கிவிடும், பளபளப்பின் பயன் குறையும்.

"தெர்மாகோல் ஒட்டிட்டா போதும் சார்" என்கிறார்கள். ஒரு தீப்பொறி போதும், உருகிச் சொட்டி எரியும். பஞ்சை வெறுமனே திணித்தாலும் ஆபத்து. மார்கழி விடியற்காலையில் தகரத்தின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோக்கும். பஞ்சு அதைக் குடித்து நாறும், வெப்பத்தையும் தடுக்காது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் நீங்களாக அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

இதற்கெல்லாம் ஓர் ஏசி விலை ஆகாது. ஆனால் இத்தனையும் செய்தால் அது தையல் மிஷின் போட, சைக்கிள் நிறுத்த, சாயங்காலம் பாடம் நடத்த ஆகும். பெற்றவளைப் படுக்க வைக்க ஆகாது. அவருக்கு இடம் வீட்டுக்குள்.

ஒத்துக்கொள்ளாதவர்கள் நாளை மதியம் இரண்டு மணிக்கு உங்கள் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஃபேன் போட்டுக்கொள்ளலாம். பிறகு வந்து என்னோடு வாதாடுங்கள்.