மல்லோரியிடம் கேட்காத கேள்வி

1995 ஆகஸ்ட் 13. கே2 சிகரத்தைத் தொட்டுவிட்டு இறங்கும் வழியில் புயற்காற்றில் சிக்கி மாண்டார் பிரிட்டன் மலையேறி அலிசன் ஹார்கிரீவ்ஸ். வயது 33. அந்தப் புயலுக்கு ஆண்களும் பலியானார்கள். ஆனால் பத்திரிகைகள் கூண்டில் ஏற்றியது அலிசனைத்தான். இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போனவளுக்கு என்ன மனசு என்று கேட்டார்கள்.

1924இல் எவரெஸ்ட்டில் மறைந்த மலையேறி ஜார்ஜ் மல்லோரிக்கு மூன்று பிள்ளைகள். 1996இல் மலையேறி ராப் ஹால் அதே மலையில் உறைந்து இறந்தபோது அவர் மனைவி கர்ப்பிணி. அவர்களுடைய தந்தைப் பாசத்தை யாரும் இப்படித் தராசில் வைக்கவில்லை. ஆண் போனால் வீரம். பெண் போனால் மனக்கோளாறு. ஒன்று அவளுக்குப் பயம் என்பதே கிடையாது, அல்லது கிளர்ச்சிக்கு அடிமை, அல்லது ஈரமில்லாத நெஞ்சு. படித்தவர்களே இப்படிப் பேசுவதுதான் எரிச்சல்.

அலிசனின் கதையே இதற்குப் பதில். 1994இல் எவரெஸ்ட் உச்சிக்கு ஐந்நூறு மீட்டருக்கும் குறைவாகவே மிச்சம் இருந்தபோது, குளிர் விரல்களைத் தின்றுவிடும் என்று அஞ்சித் திரும்பிவிட்டார். கிளர்ச்சிக்கு அடிமையானவர் அந்த இடத்தில் திரும்புவாரா? அடுத்த ஆண்டு மே 13 அன்று ஆக்சிஜன் சிலிண்டரும் ஷெர்பாக்களின் உதவியும் இல்லாமல் ஏறி முடித்தார். உச்சியிலிருந்து வயர்லெஸ்ஸில் அவர் அனுப்பிய செய்தி பிள்ளைகளுக்குத்தான்.

கே2வில் ஏன் திரும்பவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்று அதே மலையில் இருந்த மலையேறி பீட்டர் ஹிலாரி வானத்தைப் பார்த்துப் பாதியில் இறங்கிவிட்டார். அலிசன் மேலே போனார். கணக்கு தப்பியது. ஆனால் அதே தப்புக் கணக்கைப் போட்டுக் கூடவே ஏறிய ஆண்களின் மனத்தை யாரும் கூறுபோட்டுப் பார்க்கவில்லையே!

இளங்கன்று பயமறியாது என்போம். மலையேறிகள் கன்றுகள் அல்ல. பயத்தைக் கூடவே வைத்துக்கொண்டு, கயிற்றையும் வானிலையையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறவர்கள். அதில் ஒரு கணம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பாறையேறி லின் ஹில் சாட்சி. 1989இல் பிரான்சில், கயிற்று முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் காலணியை மாட்டப் போனார், முடிச்சு மறந்துபோயிற்று. அப்படியே ஏறி இருபது மீட்டருக்கு மேல் விழுந்தவரை மரக்கிளைகள் காப்பாற்றின. நான்கு ஆண்டுகள் கழித்து எல் காபிடான் பாறையின் ‘நோஸ்’ பாதையில், கயிற்றைப் பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கையாலும் காலாலுமே உச்சிவரை ஏறினார். அதுவரை எந்த ஆணும் அப்படி ஏறியதில்லை.