சிவப்பு ஐசி பாட்டிக்கு வீடு கேட்டால் ஏன் கோபம்?

வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் நடந்த பேச்சு மனசை உறுத்திக்கிட்டே இருக்கு. சாப்பாட்டு நேரத்துல சண்டை வேண்டாம்னு அங்கே வாயை மூடிக்கிட்டேன். இங்கே சொல்லிடறேன்.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு எதுக்கு அரசாங்க வீடு? நம்ம ஆளுங்களுக்கே கிடைக்கல" என்றார் ஒருவர். அவருக்கு எதிரிலேயே தட்டோடு உட்கார்ந்திருந்தார் ஒரு பாட்டி. சிவப்பு ஐசி. கெப்பாலா பத்தாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி முதுகு வளைந்தவர். தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனதும் லயத்து வீடும் போச்சு. இப்போ மகள் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறார். இவரா வெளிநாட்டுக்காரர்?

பிபிஆர் வீட்டு வாடகை மாதம் 124 வெள்ளி. பினாங்கில் மலிவு விலை வீடு 42,000 வெள்ளி. இரண்டுக்கும் மலேசியக் குடியுரிமை வேண்டும். சிவப்பு அட்டை என்றால் பாரம் அங்கேயே நின்றுவிடும். பத்து வருஷம் இருந்தவருக்கும் அறுபது வருஷம் இருந்தவருக்கும் ஒரே பதில்தான். பெயர் மட்டும் 'நிரந்தரக் குடியிருப்பாளர்'!

வீடு பற்றாக்குறை உண்மைதான். குடிமக்களே காத்திருக்காங்க. அதனால் சொந்த வீடு கேட்கலை. 60 வயது தாண்டி, இங்கேயே உழைத்து ஓய்ந்தவர்கள் வாடகை வீட்டுக்கு மனுப் போடவாவது விடுங்க என்கிறேன். அவர்கள் காலத்துக்குப் பிறகு வீடு அரசாங்கத்துக்கே திரும்பப் போகுது.

"அப்பவே குடியுரிமை எடுத்திருக்கலாமே" என்று சுலபமா சொல்லிடறோம். மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்து, இங்கேயே வாழ்கிறவர் ஓரளவு மலாய் தெரிந்தால் பதிந்துகொள்ளலாம் என்று அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவார்? 2018இல் 60 வயதைக் கடந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று அரசாங்கம் அறிவித்தபோது நம் கோயில் பலகையில் ஒரு தாள்கூட ஒட்டவில்லை. திருவிழா போஸ்டர்தான் தொங்கியது. அதை ஒட்டியவனும் நான்தான்.

ஞாயிறு காலை பூஜை முடிந்து மண்டபத்தில் இருப்பேன். வீட்டில் சிவப்பு ஐசி பெரியவர்கள் இருந்தால் அழைச்சிட்டு வாங்க. பழைய தோட்டச் சம்பளச் சீட்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ், எது கிடைத்தாலும் எடுத்துட்டு வாங்க. மலாய் நல்லா எழுதத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் உதவிக்கு வேணும். வாடகை வீட்டு மனு நம் சட்டமன்ற உறுப்பினருக்குப் போகுது. வெள்ளிக்கிழமை பேசினவரும் வரலாம், முதல் கையெழுத்துக்கு இடம் விட்டு வைக்கிறேன்.