அந்தக் கோப்பைக்குள் இருந்தது வைன் அல்ல



டிசம்பர் விடுமுறையில் நாங்கள் போட்ட ஒரு போட்டோவுக்கு வந்த கொமன்ட்களை எல்லாம் வாசித்தோம். அங்கிருந்தபடி பதில் எழுத மனம் வரவில்லை. இப்போது ஊருக்கு வந்து, பாடசாலையும் தொடங்கிவிட்டது. ஆறுதலாக எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கோப்பை. போட்டோவில் எங்கள் பிள்ளைகள் இருவரும் கையில் ஏந்தியிருந்தது வைன் அல்ல. அதற்குப் பெயர் கிண்டர்புன்ஷ். பழச்சாற்றில் கறுவாவும் கராம்பும் போட்டுச் சூடாக்கிச் சிறுவர்களுக்கென்றே விற்கிறார்கள். பக்கத்தில் பெரியவர்கள் குடிக்கும் சூடான வைனும் அதே மாதிரிக் கோப்பையில்தான் வருகிறது என்பதால் கடைக்காரப் பெண்ணிடம் இரண்டு தரம் கேட்டுத்தான் வாங்கினோம். "சேர் பிள்ளைகளுக்கு என்ன பழக்குறார்?" என்று கேட்ட சகோதரருக்கு இது போதும் என நினைக்கிறோம்.

ஆனால் இன்பொக்ஸில் வந்த கேள்வி வேறு. நாங்கள் மதிக்கும் ஒரு மூத்தவர், "கோப்பையை விடுங்கள், அந்த இடத்தில் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்த நீண்ட பதிவு.

ஜேர்மனியில் நியூரம்பேர்க் நகரில் மனைவியின் நானா குடும்பம் இருக்கிறது. அங்கு நத்தாருக்கு முன்னைய நான்கு வாரமும் ஹவுப்ட்மார்க்ட் என்ற பெரிய சதுக்கத்தில் சந்தை நடக்கும். மரத்தால் அடித்த ஏறக்குறைய 180 கடைகள், எல்லாவற்றுக்கும் சிவப்பும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட துணிக்கூரை. 1628இலேயே அந்தச் சந்தை இருந்ததற்கு எழுத்துச் சான்று உண்டு. உலர்ந்த பழங்களைக் கம்பியில் கோர்த்துச் செய்த சின்னப் பொம்மைகள், மர விளையாட்டுச் சாமான், வறுத்த பாதாம், இஞ்சி ரொட்டி மாதிரியான லெப்கூஹன். ஸ்பீக்கர் அலறவில்லை. நமது பெருநாள் நடைபாதைக் கடைகளில் நின்று காது அடைத்த எங்களுக்கு அதுவே பெரிய ஆச்சரியம். சின்ன பன்னுக்குள் மூன்று சொசேஜ் வைத்து விற்கிறார்கள், அது பன்றி. அந்தப் பக்கம் போகவில்லை. லெப்கூஹனை உள்ளடக்கம் பார்த்து வாங்கினோம். ஒரு யூரோ 300 ரூபாய் என்று மனதில் கணக்குப் போட்டபடியே நடந்ததால் வேறு அதிகமாக வாங்கவும் இல்லை.

நாங்கள் போனது 2024 டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளுக்கு முன்னர்தான் மக்டபேர்க் நகரின் நத்தார் சந்தைக்குள் ஒருவன் காரை ஓட்டிச் சென்று ஒன்பது வயதுப் பிள்ளை உட்பட ஆறு பேரைக் கொன்றான். நூற்றுக்கணக்கானோர் காயம். சவூதியில் பிறந்தவன் என்று செய்தி வந்த உடனே நமக்கெல்லாம் வயிறு கலங்கியது. அவன் இஸ்லாத்தையே பகிரங்கமாக எதிர்த்து எழுதி வந்தவன் என்பது பிறகுதான் தெரிந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் ஊர்ப் பெண்கள் பஸ்ஸில் ஏறிய விதம் உங்களுக்கு நினைவிருக்கும். அதே மாதிரித்தான் மனைவி ஹிஜாபுடன் அந்தத் தடுப்புகளையும் பொலிஸாரையும் தாண்டினார். "போகாமல் இருப்போமா?" என்று கேட்டோம். மதினிதான் சொன்னார்: "இன்றைக்கு வீட்டில் இருந்தால் நாளைக்கும் இருக்க வேண்டி வரும்."

யாரும் முறைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டோம். இரண்டொருவர் பார்த்தார்கள். கிண்டர்புன்ஷ் விற்ற அந்தப் பெண் மகளின் கையுறையைச் சரிசெய்து, கோப்பை சூடு என்று சைகையால் காட்டினார்.

அந்தச் சதுக்கத்தின் கதையை நானாதான் சொன்னார். ஒரு காலத்தில் அது யூதர்களின் குடியிருப்பு. 1349இல் மன்னர் நான்காம் கார்லின் அனுமதியோடு அதை இடித்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட யூதர்களைக் கொன்றார்கள். வெளியான இடம் சந்தையானது. அவர்களின் தொழுகை இடத்தில் ஒரு தேவாலயம் எழுந்தது. இன்றும் நத்தார் சந்தையை அதன் மேல்மாடத்தில் நின்றுதான் திறந்து வைக்கிறார்கள். இடையில் வேறு இடங்களுக்குப் போன சந்தையை 1933இல் அங்கே திரும்பக் கொண்டு வந்தவர்கள் நாஜிகள். ஒரு சிறுபான்மையை அகற்றிவிட்டும் அழகான சந்தை போடலாம் என்பதைக் கேட்டபோது கையிலிருந்த லெப்கூஹன் இறங்கவில்லை.

அதே சந்தையைத் திறக்க 2019இல் தெரிவான பதினேழு வயதுப் பெண்ணின் தந்தை இந்தியாவிலிருந்து வந்தவர். ஒரு வலதுசாரிக் கட்சியின் கிளையொன்று பேஸ்புக்கில் அவளை இழிவாக எழுதியது. நகரம் அவள் பக்கம் நின்றது, அவளே திறந்தாள். அந்த நகரத்தின் நட்பு நகரங்களில் நம் கல்குடாவும் ஒன்று. 2004 சுனாமிக்குப் பின் வந்த உறவு அது.

இப்போது மூத்தவரின் கேள்விக்கு வருகிறோம். நாங்கள் முஃப்தி அல்ல. தேவாலயத்துக்குள் வழிபாட்டில் போய் நிற்கவில்லை, நிற்கவும் மாட்டோம். ஆனால் சந்தை வேறு. உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் ஆகியவை ஜாஹிலிய்யா காலச் சந்தைகள். இஸ்லாம் வந்த பின் ஹஜ் காலத்தில் அங்கே வியாபாரம் செய்வது பாவமோ என்று ஸஹாபாக்கள் தயங்கியபோதுதான் சூரா அல்பகராவின் 198ஆம் வசனம் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரழி) அறிவித்திருக்கிறார்கள். அது வியாபாரம் பற்றியது, வேடிக்கை பார்ப்பது பற்றியது அல்ல என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனாலும் சந்தையின் பழைய பெயரைப் பார்த்து மட்டும் தீர்ப்பு எழுதிவிட ஏலாது என்பது அதில் விளங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "முஸ்லிம் கடையில் வாங்காதே" என்று நோட்டீஸ் அடித்தவர்களை நாம் மறக்கவில்லை. சித்திரை வருடத்துக்கும் வெசாக்குக்கும் உடுப்பு எடுக்க அயலவர்கள் நம் கடைக்கு வரவில்லையே என்று எத்தனை வீடுகளில் கண்ணீர் விட்டோம்? நம் பெருநாள் கடைத்தெருவுக்கு அவர்கள் வர வேண்டும் என்று ஏங்கும் நாம், அவர்களின் சந்தையில் கால் வைத்தவனைக் குற்றவாளி ஆக்குவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் ஈமானில் எங்களுக்குச் சந்தேகமில்லை. எங்கள் ஈமானையும் ஒரு போட்டோவை வைத்து அளக்காதீர்கள். அவகாசம் கிடைத்தால் மறுபடியும் போவோம்.

கோப்பைக்கு முற்பணம் வாங்குகிறார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். ஒன்றை மகன் கொடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்துவிட்டான். அது இப்போது எங்கள் வகுப்பறை மேசையில் இருக்கிறது, சிவப்புப் பேனை போட்டு வைத்திருக்கிறோம். சந்தேகம் உள்ளவர்கள் வந்து முகர்ந்து பார்க்கலாம்.