மாங்கேணியின் நிலத்துக்கு அதிபதி யார்?

கிராம வாழ்வைப் புண்ணியமென்றும் நவநாகரிகத்தைப் பாவமென்றும் பிரசங்கிப்பது எளிது. ஆனால் 1909 நவம்பரில், இலண்டனிலிருந்து தென்னாபிரிக்கா திரும்பும் கப்பலிலே காந்தியடிகள் குஜராத்தி மொழியில் 'இந்திய சுயராஜ்யம்' எழுதியபோது அவர் உள்ளத்தை அரித்த வினா, ஆங்கிலேயர் போன பின்னும் அவர்களது ஆட்சிமுறை எஞ்சுமாயின் அது சுதந்திரமாகுமா என்பதே. மறு ஆண்டே பம்பாய் அரசாங்கம் அந்நூலைத் தடைசெய்தது.

அவ்வினாவை மட்டக்களப்புக்கு வடக்கே, வாகரை வழியிலுள்ள மாங்கேணியில் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும். இங்கே களப்பில் முழங்காலளவு நீரில் நின்று வீச்சுவலை எறிபவன் காற்றையும் நீரோட்டத்தையும் கணித்தே வலை விரிக்கிறான். சேனைக்காரனோ, காட்டை வெட்டி, மாரிக்கு முன் எரித்துத் துப்புரவாக்கி, சோளனும் கச்சானும் இட்டு, சில போகம் கண்டபின் மண் இளைப்பாறட்டுமென்று நிலத்தைக் காட்டுக்கே விட்டு விலகும் மரபில் வந்தவன். அந்த விலகலையே பிரித்தானியச் சட்டம் உரிமையின்மையாகக் கருதிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று விதித்தது. உறுதி எழுதும் வழக்கமில்லாத ஏழைக் குடியானவன் எதைக் கொண்டு நிரூபிப்பான்? 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றபின் அவை அரச காணியாயின; கிராமத்தாரிடம் மீளவில்லை.

கிராமத்தைப் போற்றுவோர் அம்பேத்கருக்கும் செவிசாய்த்தல் வேண்டும். 1948 நவம்பர் 4ஆம் நாள் இந்திய அரசியல் நிர்ணய சபையிலே, அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமென்று அவர் கிராமத்தைக் கண்டித்தது அநுபவத்தின் குரல். பிரசவ வேதனைப்படும் தாய்க்கு வைத்தியசாலையும் நல்ல வீதியும் அவசியம். அவற்றை மறுக்கும் கிராமபக்தி எனக்குச் சம்மதமில்லை. ஆயினும், 1934இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் பொறுப்பேற்ற, தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா, இயற்கை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வரம்புக்குள் நுகர்வதே நிரந்தரப் பொருளாதாரம் என்று வாதித்தது, சேனைக்காரன் ஏட்டிலன்றி மண்ணிலே கற்ற பாடமன்றோ!

இல்மனைற்று மணல் அகழ்வுக்கும் இறால் பண்ணைகளுக்கும் எதிராக வாகரைப் பிரதேச மக்கள் அண்மைய ஆண்டுகளில் வீதிக்கு வந்தது நவீனத்தின்மீது கொண்ட துவேஷத்தாலன்று; தம் நிலத்தின் விதியைத் தம்மைக் கேளாமலே பிறர் நிர்ணயிப்பதைப் பொறுக்க இயலாமையால். ஆகவே அதிகாரிகளிடம் நாம் வேண்டுவது ஒன்று: இத்தகைய திட்டத்துக்கான அனுமதிப்பத்திரத்தில் கையொப்பமிடுமுன், உறுதியில்லாதவரும் பெண்களும் உட்பட அவ்வூர் மக்களைக் கூட்டுங்கள், அவர்கள் வேண்டாமென்றால் அத்திட்டத்தைக் கைவிடுங்கள்.