மகளின் பங்கும் நம் மனச்சான்றும்



சில ஆண்டுகளுக்கு முன் கும்மிடிப்பூண்டிப் பகுதியில் நாம் பணியாற்றுகையில், ஒரு குடும்பத்தார் பங்கு இல்லத்திற்கு வந்தனர். தந்தை இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்திருந்த அவர்தம் நன்செய் நிலத்தை நல்ல விலைக்குக் கேட்டிருந்தனர். அண்ணன்மார் இருவரும் விடுதலைப் பத்திரத்தை நீட்ட, தங்கை தயங்கினார். “சாமி, நீங்கள் சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன்” என்றார். குடும்பச் சமாதானத்தை எண்ணி, கையொப்பமிடுமாறு நாமே கூறினோம். பின்னர் அப்பெண் கணவரை இழந்து, இரு பிள்ளைகளுடன் வாடகை வீட்டில் அல்லற்படுவதைக் கண்டோம். அன்று நாம் சொன்ன சொல் இன்றும் நம்மை உறுத்துகிறது.

“மகளுக்கு நகை போட்டுச் சீர் செய்தாயிற்று, நிலம் மகன்களுக்கு” என்பது நம் ஊர்களில் வேரூன்றிய வழக்கம். சட்டமோ வேறு கூறுகிறது. கிறிஸ்தவர்களாகிய நமக்கு உரியது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். ஒருவர் உயில் எழுதாமல் இறப்பின், அவர்தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், எஞ்சிய இரு பங்கு பிள்ளைகளுக்கும் சேரும். மகன், மகள், மணமானவர், மணமாகாதவர் என்னும் வேறுபாடு அதில் இல்லை. மணநாளில் கொடுத்த நகை, மகளின் பங்கை அழித்துவிடுவதும் இல்லை.

திருவிதாங்கூரில் நிலை வேறாயிருந்தது. அங்கு 1916-இல் இயற்றப்பட்ட கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகன் பங்கில் கால் பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு. கைம்பெண்ணுக்கோ ஆயுட்கால அனுபவம் மட்டுமே. மறுமணம் செய்தால் அதுவும் நீங்கும். கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் என்னும் அம்மையார் இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1951 ஏப்ரல் முதல் நாளிலிருந்தே திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாது, 1925-ஆம் ஆண்டுச் சட்டமே செல்லும் என்று 1986 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த நம் கன்னியாகுமரி மாவட்டப் பெண்டிரும் இதனால் பயனடைந்தனர். மேரி ராய் 2022-இல் காலமானார். அத்தீர்ப்பை எதிர்த்த குரல்களுள் திருச்சபையினரின் குரலும் இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாம் வாசிக்கும் மறைநூலோ மகளிரின் பக்கம் நிற்கிறது. ஆண்மக்களின்றி இறந்த செலொபுகாதின் புதல்வியர் ஐவர், மோசேயின் முன்னும் குருவின் முன்னும் சபையின் முன்னும் நின்று நிலம் கேட்டதை எண்ணிக்கை நூலின் 27-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மோசே ஆண்டவரிடம் கேட்டார். அவர்கள் கேட்டது நியாயமே என்று ஆண்டவர் மொழிந்தார். உரிமை கேட்பது பேராசை என்று அங்கு யாரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை.

சட்டத்தின் எல்லையையும் அறிதல் வேண்டும். தாம் ஈட்டிய சொத்தை உயிலால் விரும்பியவருக்கு எழுத ஒரு தந்தைக்கு உரிமையுண்டு. அங்குச் சட்டம் நின்றுவிடுகிறது. மனச்சான்று பேச வேண்டிய இடம் அதுவே. தந்தையரே, உயில் எழுத அமரும்போது உங்கள் புதல்வியரின் முகத்தை நினையுங்கள்.

சகோதரியரே, தந்தை இறந்தபின் வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறும் வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டாவிலும் பெயர் சேர்க்கக் கேளுங்கள். நிலம் விலைபோகும்போதும், அரசு கையகப்படுத்தும்போதும் ஆவணத்தில் பெயரில்லாதவர் எளிதில் விடுபட்டுப் போவர். படித்துப் பாராமலும், பிறரிடம் கேட்டறியாமலும் விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிடாதீர்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டா. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. திருவள்ளூர் மாவட்ட ஆணைக்குழுவை நாடலாம்.

சகோதரரே, தங்கை தம் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுப்பது அவர்தம் கொடை. கண்ணீரோடு ஒப்பமிடச் செய்வதைக் கொடையென்று அழைத்தல் தகாது.

இனி எந்தச் சகோதரியேனும் பத்திரத்தோடு நம் இல்லத்திற்கு வந்தால், “உமக்குரிய பங்கு இன்னதென்று முதலில் அறிந்துகொள்ளும், மகளே” என்றே சொல்லுவோம். அன்று சொல்லத் தவறியதை இன்று இப்பக்கத்தில் எழுதி, அக்குடும்பத்துத் தங்கையிடம் மன்னிப்பு வேண்டுகிறோம்.