ஷொக் சொகுசுக்கு அல்ல



இன்று பாடம் பற்றி அல்ல, பிள்ளைகள் வரும் வேனைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

எங்கள் பாடசாலையில் வேனில் வரும் பிள்ளைகள் சிலர் காலையில் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்குவார்கள். "சாப்பிடாம வந்திருப்பாங்க" என்று ஆசிரியர்கள் நாங்கள் சொல்லிக்கொண்டோம். ஒருநாள் நாங்கள் இரண்டு பேர் அதே வேனின் பின் சீட்டில் வந்தோம். ஒரு குழியில் இறங்கிய வேன் அடுத்த குழி வரும்வரை ஆடிக்கொண்டே வந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தால், பின் ஷொக் இரண்டிலும் எண்ணெய் வழிந்து, புழுதி அப்பியிருந்தது. ட்ரைவர் நானாவிடம் கேட்டோம். "ரோட்டுப் பிழை சேர்" என்றார்.

ரோட்டிலும் பிழை இருக்கலாம். ஆனால் குழியும் கிரவலும் உள்ள ரோட்டுக்குத்தான் நல்ல ஷொக் தேவை. களப்பும் கடலும் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. உப்புக்காற்றில் ஷொக்கின் கம்பி துருப்பிடித்தால் அந்தச் சொரசொரப்பு எண்ணெய் சீலை அறுக்கும். பிறகு எண்ணெய் நிற்காது.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் ஆட்டத்தை அடக்குவது ஷொக். உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகளால் நெருக்கிப் போகும்போதுதான் அந்த ஆட்டம் சூடாக மாறி அடங்குகிறது. ஷொக் செத்தால் டயர் ரோட்டைவிட்டுத் துள்ளும். துள்ளும் டயரில் பிரேக் எப்படிப் பிடிக்கும்? மாடு குறுக்கே வந்தால் வேன் நிற்கும் தூரம் கூடிவிடும். அதனால் ஷொக்கைச் சொகுசுச் சாமானாக அல்ல, பிரேக்கின் பாதியாகவே நாம் பார்க்க வேண்டும்.

இது ஒரே நாளில் பழுதாவதில்லை, மெல்ல மெல்லத் தேய்கிறது. தினமும் ஓட்டுகிறவருக்கு அந்த ஆட்டம் பழகிவிடும். புதிதாக ஏறுகிறவர்தான் கண்டுபிடிப்பார். லைசனுக்கு எடுக்கும் புகைச் சோதனையும் புகையை மட்டும்தான் பார்க்கும்.

ட்ரைவர்மாரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்த வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அதுவரை பழைய வண்டிகளையே இழுத்துக்கொண்டு ஓடினோம். 2022இல் ரூபாய் விழுந்து உதிரிப்பாக விலையும் ஏறியது. நாமோ வேன் கூலியில் நூறு இருநூறு குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினோம். அந்தக் குறைப்பு கடைசியில் டயரிலும் ஷொக்கிலும்தான் போய் விழுகிறது.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது இதுதான். தவணை தொடங்கும் முன் வேனை ஒரு மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய்க் கசிவு, டயரில் மேடு பள்ளமான தேய்வு, பிரேக் பிடித்தால் முன்பக்கம் குத்துவது, இவைதான் அடையாளங்கள். ஷொக்கை ஒரு பக்கம் மட்டும் மாற்ற வேண்டாம், சோடியாக மாற்ற வேண்டும். பழைய ஷொக்கின் உள்தேய்வு வெளியில் தெரியாது, பெயின்ட் அடித்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கார் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆல்ட்டோ, வேகன் ஆர் போன்றவற்றின் முன்பக்கம் இருப்பது ஸ்ட்ரட். அதில் ஸ்பிரிங் அமுக்கப்பட்டு இருக்கும். உரிய கருவி இல்லாமல் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து உயிரே போகலாம், வீட்டில் கை வைக்காதீர்கள். மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட்டும் பாருங்கள்.

செலவை ட்ரைவர் தலையில் மட்டும் போடாமல் பெற்றோரும் ஒரு மாதம் கொஞ்சம் கூட்டிக் கொடுப்போம். பிள்ளைகள் நம் எல்லோரிடமும் உள்ள அமானிதம். அது வீட்டு வாசலில் வேன் ஏறியதுமே தொடங்கிவிடுகிறது.