மர வியாபாரியின் மாளிகை

விக்டோரியா மகாராணியார் காலத்தில் லிவர்ப்பூல் நகரம் கப்பல்களாலும் பண்டசாலைகளாலும் செழித்து விளங்கிற்று. அங்கே பெரும் பொருளீட்டிய வர்த்தகர் பலர், துறைமுகத்தின் புகையையும் இரைச்சலையும் விட்டகன்று, நகருக்குப் புறத்தே மாளிகைகள் எழுப்பி வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவர் ஜோன் பிளாண்ட் என்னும் மர வியாபாரி. 1866-67ஆம் ஆண்டுகளில் அவருக்காகக் கட்டப்பெற்ற மாளிகைக்கு ‘குவாரி பாங்க்’ என்று பெயர். அயலிலிருந்த கல்லகழியால் வந்த பெயர் அது.

செல்வம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லையென்பர் நம் பெரியோர். 1922ஆம் ஆண்டு சனவரியில் அம் மாளிகை ஆண்பிள்ளைகளுக்கான உயர்தரப் பாடசாலையாயிற்று. ஒரு குடும்பத்துக்கென அமைத்த கூடங்களில் ஊர்ப் பிள்ளைகள் பாடங் கேட்டனர். கல்லகழியிலிருந்து நற்குணத்தை அகழ்ந்தெடுப்போம் என்னுங் கருத்துப்பட, இலத்தீன் மொழியில் ஒரு குறிக்கோள் வாசகமும் அப் பாடசாலைக்கு அமைந்தது.

அவ்வாசகத்துக்கு ஒரு சோதனை 1952இல் வந்தது. அவ்வாண்டு சேர்ந்த மாணவன் ஒருவன் வகுப்பைக் குழப்புவதில் வல்லவன். அவன் பெற்ற தண்டனைகள் ஏடுகளில் நிறைந்தன. 1957இல் கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சையில் ஒரு பாடத்திலேனும் அவன் சித்தியெய்தவில்லை. ஆயினும் அதிபர் அவனைக் கைவிட்டாரல்லர். சித்திரந் தீட்டுவதில் அவனுக்கிருந்த ஆற்றலை எண்ணி, நகரின் கலைக் கல்லூரியிற் சேர்வதற்குத் துணைபுரிந்தார்.

அம் மாணவனே ஜோன் லெனன். 1956இல் தோழர்களோடு அவன் தொடங்கிய இசைக்குழுவுக்குப் பாடசாலையின் பெயரைத் தழுவி ‘குவாரிமென்’ என்று பெயர் சூட்டியிருந்தான். 1960இல் அக்குழுவே ‘பீட்டில்ஸ்’ என்னும் பெயர் பூண்டு, பின்னர் உலகப் புகழெய்தியது. அவனுடைய தண்டனைக் குறிப்புத் தாள்கள் சில 2013இல் ஏலத்தில் நல்ல விலைக்குப் போயின!

1967இல் அயலிலிருந்த பெண்கள் பாடசாலையும் இதனோடு இணைந்தது. இன்று ‘கால்டர்ஸ்டோன்ஸ்’ என்னும் பெயருடன் அது நடைபெறுகின்றது.

பெற்றோரே, பெறுபேற்றுத் தாள் பிள்ளையின் முழு வரலாறன்று. மாணவரே, குறும்பினாலன்று, தொழிலினாலேயே லெனன் உயர்ந்தான் என்பதை மறவாதீர். கல்லினுள்ளே கிடப்பதைக் காணுங் கண் ஆசிரியனுக்கு வேண்டும். உளிக்கு இசையும் மனம் மாணவனுக்கு வேண்டும். இவ்விரண்டுங் கூடுமிடத்தில் ஓலைக் கொட்டிலும் மாளிகையே.